காணி உறுதியும் கடல் கடந்த படிப்பும்

காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு விவசாயி எம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் நான்காக மடித்த காணி உறுதி. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டபோது வீட்டிலிருந்து எடுத்த பொருள்களில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். உழவு இயந்திரம் வழியில் நின்றுவிட்டது. நெல் மூடைகள் வழியில் போயின. மாடுகள் எங்கே போயினவென்று தெரியாது. உறுதியை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கிருந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குப் போய், மீள்குடியேற்றத்தின்போது பத்திரமாகத் திரும்பவும் ஊருக்குக் கொண்டு வந்தவர் அவர்.

"பாதர், மூத்தவனை வெளியில படிக்க அனுப்பப் போறம். இதை ஈடு வைக்கிறதெண்டு முடிவெடுத்திட்டம். கையெழுத்து வைக்க முன்னம் இந்தக் கடிதாசியளை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்றார்.

மகன் க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்திருந்தார். பொறியியலுக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே இசற் புள்ளி நின்றுவிட்டது. பட்டணத்திலுள்ள ஒரு கல்வி முகவர், "ஜேர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம்" என்று சொல்லி, ஒரே தாளில் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மொத்தம் 48 இலட்சம் ரூபா. நகையை அடகு வைத்தால் எட்டு இலட்சம் வரும். மிகுதி நாற்பதுக்கும் காணி.

அடுத்த நாள் நாம் அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். தாய், தகப்பன், மகன், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள். முகவரின் தாளை நாம் சத்தமாக வாசித்தோம். வாசித்து முடிந்ததும் அந்தச் சிறுமி ஒரு கேள்வி கேட்டாள்: "இது முதல் வருசத்துக் காசு. மற்ற வருசங்களுக்கு ஆர் கட்டுறது?"

யாருக்கும் மறுமொழி வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடும் முயற்சியே. பிள்ளைகளைப் பிறநாட்டுக்குப் படிக்க அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. படிப்பு ஒன்றுதான் இடம்பெயர்ந்த குடும்பத்திடமிருந்து எவரும் பறிக்க முடியாத சொத்து. ஆனால் அந்தச் சொத்தைத் தேடப் போய், இருக்கின்ற ஒரேயொரு சொத்தையும் இழந்துவிடக் கூடாது.

முகவரின் தாளில் இல்லாத வரிகள்

"ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்பது பொய்யல்ல. அந்நாட்டின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் பிறநாட்டு மாணவரிடமும் கற்பித்தல் கட்டணம் அறவிடுவதில்லை. ஒவ்வொரு அரையாண்டுக்கும் நிர்வாகத்துக்கும் மாணவர் சேவைகளுக்குமாக ஒரு தொகை கட்ட வேண்டும். இடத்துக்கு இடம் இது வேறுபட்டாலும், பொதுவாகச் சில நூறு யூரோக்களுக்குள் அடங்கும். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூட்டம்பேர்க் மாநிலம் 2017ஆம் ஆண்டின் குளிர்காலத் தவணை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாட்டவரிடம் தவணைக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் 2024ஆம் ஆண்டு முதல் அத்தகைய மாணவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

ஆனால் படிப்பு இலவசமென்றால் சாப்பாடும் இலவசமல்ல. விசா கேட்கும் மாணவர் ஒரு வருடச் சீவியத்துக்கான பணம் தம்மிடம் உண்டென்று காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அத்தொகை 11,904 யூரோ. இதை ஒரு முடக்கக் கணக்கில் முன்கூட்டியே இட வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்த பின்னர் மாதம் 992 யூரோ வீதம்தான் அதிலிருந்து எடுக்கலாம். யூரோ 350 ரூபா என்று வைத்துக்கொண்டால், இது 41 இலட்சத்து 66 ஆயிரத்து 400 ரூபா. முகவரின் 48 இலட்சத்தில் பெரும்பகுதி இதுதான். மிகுதி அவருடைய கூலியும், விமானச் சீட்டும், சில்லறைச் செலவும்.

இந்த இடத்தில்தான் அந்தத் தகப்பன் ஒன்றைப் பிழையாக விளங்கியிருந்தார். கணக்கில் போடும் பணம் ஒரு பிணைப்பணம், விசா கிடைத்த பின் அதை எடுத்துக் கடன்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். அப்படியல்ல. விசா மறுக்கப்பட்டால் அப்பணம் திரும்பும். வங்கிச் செலவு மாத்திரம் கழியும். விசா கிடைத்தாலோ அது வாடகையாகவும், பாணாகவும், மருத்துவக் காப்புறுதியாகவும் மாதாமாதம் கரைந்து போகும். பன்னிரண்டாம் மாதம் கணக்கில் ஒன்றும் இராது. ஆனால் கடன் அப்படியே இருக்கும். இரண்டாம் வருடத்துக்கு வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது, சீவியத்துக்கு என்ன வழியென்று மறுபடியும் காட்டவும் வேண்டும்.

வயற்காரருக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் சொல்லத் தேவையில்லை. விதைப்புக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு, பசளைக்கும் எண்ணெய்க்கும் அருவி வெட்டுக்கும் வழியில்லாமல் ஐந்து ஏக்கர் விதைப்பவரை ஊரில் என்ன சொல்வோம்?

கடைசி வருடம் வரை எண்ணுவோம்

அன்று அந்த முற்றத்தில், மகளின் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாம் கணக்கை முழுமையாக எழுதினோம். நீங்களும் இப்படியே எழுதிப் பார்க்கலாம்.

ஜேர்மனியில் இளமாணிப் பட்டம் சாதாரணமாக ஆறு தவணை, அதாவது மூன்று வருடம். ஆனால் பிறநாட்டு உயர்தரச் சான்றிதழோடு போகின்றவர் எல்லோரும் நேரடியாகப் பல்கலைக்கழகத்துள் நுழைய முடியாது. பாடங்களையும் பெறுபேற்றையும் பார்த்துச் சிலரை முதலில் ஆயத்தக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அது இரண்டு தவணை, ஒரு வருடம்; முடிவில் ஒரு பரீட்சையும் உண்டு. இளமாணிப் பாடநெறிகளில் பெரும்பாலானவை ஜேர்மன் மொழியிலேயே நடப்பவை. ஆகவே இலங்கையை விட்டுப் புறப்பட முன்னரே அம்மொழியை நன்கு படித்திருக்க வேண்டும். முகவரின் தாளில் மொழி வகுப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆயத்த வருடம் ஒன்று, பட்டத்துக்கு மூன்று, ஆக நான்கு வருடம். வருடத்துக்கு 11,904 யூரோ என்றால் 47,616 யூரோ. நமது பணத்தில் 1 கோடி 66 இலட்சத்து 65 ஆயிரத்து 600 ரூபா. ஒரு பாடத்தில் தவறி ஒரு தவணை நீண்டால் அது இன்னும் கூடும்.

"நான் வேலை செய்து கட்டுவன்" என்றார் மகன். அவருடைய மனதை நாம் மதிக்கிறோம். வேலை செய்ய அனுமதியும் உண்டு. 2024 மார்ச்சிலிருந்து அங்கு பிறநாட்டு மாணவர் வருடத்தில் 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். ஆகக் குறைந்த மணிக்கூலி 2026 ஜனவரியிலிருந்து 13.90 யூரோ. ஆனால் மொழி தெரியாத முதல் வருடத்தில் வேலை கிடைப்பது அரிது. பரீட்சைக் காலத்தில் வேலை செய்தால் படிப்புப் போய்விடும். இரண்டாம் வருடத்திலிருந்து மாதம் 500 யூரோ உழைக்கிறார் என்று நாம் வைத்துக்கொண்டோம். மூன்று வருடத்தில் 18,000 யூரோ. அதைக் கழித்தாலும் 29,616 யூரோ மிஞ்சுகிறது. அது ஒரு கோடி மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல்.

இனி வட்டியைப் பாருங்கள். காணியை ஈடு வைத்து நாற்பது இலட்சம் தர இருந்தவர் கேட்டது மாதம் நூற்றுக்கு மூன்று. அது மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம். வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். நான்கு வருடத்தில் வட்டி மாத்திரம் 57 இலட்சத்து 60 ஆயிரம். முதலைவிட வட்டி பெரிது. இரண்டரை ஏக்கர் வயல் மாதம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் தருமா என்பதை எம்மைவிட நீங்கள் நன்கறிவீர்கள்.

மற்றைய நாடுகள் கேட்பவை

பிரித்தானியாவில் கற்பித்தல் கட்டணம் வேறாகவும் சீவியச் செலவு வேறாகவும் வரும். 2025 நவம்பரிலிருந்து இலண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 10,539 பவுண் காட்ட வேண்டும். இலண்டனுக்குள் என்றால் மாதம் 1,529 பவுண். அப்பணம் 28 நாள்கள் தொடர்ச்சியாகக் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். இதற்கு மேல், படிக்கும் காலத்துக்கு வருடம் 776 பவுண் சுகாதார வரி முன்கூட்டியே கட்ட வேண்டும். தவணைக் காலத்தில் வேலைக்கு அனுமதி கிழமைக்கு 20 மணித்தியாலம்.

அவுஸ்திரேலியா 2024 மே மாதத்திலிருந்து ஒரு வருடச் சீவியத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்டச் சொல்கிறது. கற்பித்தல் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 டொலர். விசா மறுக்கப்பட்டால் அப்பணம் திரும்பாது. கனடா 2025 செப்டெம்பரிலிருந்து, கட்டணம் தவிர்ந்த ஒரு வருடச் சீவியத்துக்கு 22,895 கனேடிய டொலர் கேட்கிறது. இத்தொகைகளை அந்தந்த அரசுகள் அடிக்கடி உயர்த்தி வருகின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் மாதத்தில் அரசின் சொந்த அறிவித்தலைப் பார்க்க வேண்டும். முகவரின் வாய்ச்சொல்லை நம்பக் கூடாது.

இத்தொகைகளைக் கண்டதும் சிலர், "காசை ஒரு மாதத்துக்குக் கணக்கில் போட்டுக் காட்டித் தருகிறோம்" என்று வருவார்கள். அதற்கும் கூலி வாங்குவார்கள். பொய்யான வங்கிப் பத்திரம் பிடிபட்டால் பிரித்தானியா பத்து வருடம் வரை உள்ளே விடாது. பிடிபடாவிட்டாலும் நிலைமை மாறாது. அங்கே இறங்கும் பிள்ளையின் கையில் அந்தப் பணம் இராது. காட்டிய காசைச் சாப்பிட முடியாது.

ரூபா சறுக்கும்போது

எமக்குத் தெரிந்த இன்னொரு குடும்பம் உண்டு. இதுவும் ஒரு தோட்டக்காரக் குடும்பம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். வெண்காயத்திலும் புகையிலையிலும் சேர்த்த பணத்தோடு 2021இல் மகளைப் பிறநாட்டுப் படிப்புக்கு அனுப்பினார்கள். அவர்கள் மூன்று வருடத்துக்கும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் ரூபாவில் போட்டிருந்தார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் அது சுமார் 360. பத்தாயிரம் டொலருக்கென இருபது இலட்சம் வைத்திருந்தவருக்கு முப்பத்தாறு இலட்சம் தேவைப்பட்டது. அதே வருடம் பசளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்டபாடு நீங்கள் அறிந்ததே. பிள்ளை ஒரு வருடப் படிப்போடு நின்றாள். வாங்கிய கடனைக் கட்டும்வரை திரும்பி வரவும் அவளுக்கு மனமில்லை.

அவர்கள் செய்ததில் பேராசை எதுவும் இல்லை. செலவு அந்நியப் பணத்தில், வருமானம் ரூபாவில் என்பதுதான் அதிலிருந்த ஆபத்து. ஆகவே கணக்குப் போடும்போது இன்றைய விலைக்கு மேல் நூற்றுக்கு இருபதாவது கூட்டிப் போடுங்கள். அந்தக் கூட்டலைத் தாங்க முடியாத திட்டம் அடுத்த நெருக்கடியையும் தாங்காது.

காணியைத் தொடுமுன்

நமது பகுதிகளில் காணிகள் இரண்டு வகை. ஒன்று உறுதிக் காணி. மற்றையது குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேமிற் காணி. பேமிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அனுமதியில்லாமல் தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் பெற்றால், உரிமையே கேள்விக்குள்ளாகும்.

உறுதிக் காணிக்காரர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். ஈடு என்று வாயால் சொல்லி, பத்திரத்தில் அறுதி எழுதுவிக்கும் கடன்காரர் உண்டு. கையெழுத்து வைத்த நாளே காணி போய்விடும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் காணியைத் திருப்பி எழுதுவது அவருடைய விருப்பம். நொத்தாரிசு வாசித்துக் காட்டாத, உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

எமது அபிப்பிராயம் இதுதான். தங்கம் திரும்ப வரலாம். சீட்டுக் காசு திரும்ப வரலாம். காணி திரும்ப வராது. அத்தோடு அந்தக் காணி ஒரு பிள்ளையினுடையது மட்டுமல்ல. அந்த முற்றத்தில் கேள்வி கேட்ட சிறுமிக்கும் அதில் பங்குண்டு. விதைநெல்லைக் குற்றி ஒரு நாள் விருந்து வைப்பதில்லை என்பது வயற்காரருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமல்ல.

உறவினர் உதவி என்றால் எழுத்தில் இருக்கட்டும். ஜேர்மனியில் வதியும் ஓர் உறவினர் அங்குள்ள அதிகாரிகள் முன்னிலையில், மாணவரின் செலவுக்குத் தாமே பொறுப்பென்று கையெழுத்திடும் முறை உண்டு. முடக்கக் கணக்குக்குப் பதிலாக அதை ஏற்பார்கள். ஆனால் அது சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரம். அவருக்கும் குடும்பமும் வீட்டுக்கடனும் இருக்கும். அதை முழுதாக எடுத்துச் சொல்லி, அவர் யோசிக்கக் காலமும் கொடுத்துக் கேளுங்கள்.

ஒழுங்கை மாற்றிப் பார்ப்போம்

பெரும்பாலான குடும்பங்கள் முதற்பட்டத்தைப் பிறநாட்டில் படிப்பித்து, பின்னர் இங்கோ அங்கோ வேலை என்று திட்டமிடுகின்றன. மிகக் கூடிய செலவும் மிகக் குறைந்த உதவியும் உள்ள பாதை அதுதான். ஏனெனில் பிறநாட்டு அரசுகள் தரும் முழுப் புலமைப்பரிசில்களில் பெரும்பகுதி முதற்பட்டம் பெற்றவர்களுக்கே உரியது.

மறுபுறம், முதற்பட்டத்துக்குச் செலவில்லாத வழி இந்நாட்டிலேயே உண்டு. 1945 முதல் இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீளுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் நம்மைப் போலவே போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிநொச்சி மண்ணுக்கே திரும்பிய பீடம். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வெட்டுப்புள்ளி கிடைக்காதவருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. உயர் தேசிய டிப்ளோமா வகுப்புகள் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டுதான். ஆனால் அது ரூபாவில். வேலை செய்துகொண்டே கட்டலாம்.

இங்கு பட்டம் முடித்தவருக்குத் திறக்கும் கதவுகளைப் பாருங்கள். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை விவசாயம், நீர்வளம், பிரதேசத் திட்டமிடல் போன்ற அபிவிருத்தித் துறைகளில் முதுமாணிப் படிப்புக்கு மாதக் கொடுப்பனவும், காப்புறுதியும், பயணச் செலவும் தருகிறது. அதற்குப் பட்டத்தோடு குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிப் படிப்புக்குத் தெரிவாகிப் புலமைப்பரிசில் பெறுபவருக்குக் கட்டணமில்லை. மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். இந்த முதுமாணி வகுப்புகள் பல ஆங்கிலத்தில் நடப்பவை.

முதற்பட்டத்துக்கே வெளியில் போக வேண்டுமென்றால் இரண்டு வழிகளை முதலில் தட்டிப் பாருங்கள். இந்திய அரசு இலங்கை மாணவருக்கென நேரு நினைவுப் புலமைப்பரிசிலை இளமாணிப் படிப்புக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலை முதுமாணிப் படிப்புக்கும், ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலைத் தகவல் தொழினுட்பத்துக்கும் வழங்கி வந்துள்ளது. முழுக் கட்டணமும் மாதச் செலவும் அதில் அடங்கும்; மருத்துவப் படிப்பு அடங்காது. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் பத்திரிகையில் அறிவிக்கும். ஜப்பானிய அரசின் இளமாணிப் புலமைப்பரிசில் ஒரு வருட மொழிப் படிப்போடு சேர்த்து ஐந்து வருடம். மாதம் 117,000 யென், கட்டணம், விமானச் சீட்டு யாவும் அதில் அடங்கும். போட்டி கடுமையானது. ஆனால் விண்ணப்பிப்பதற்குக் காணியை ஈடு வைக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில் வாங்கித் தருகிறேன் என்று எவராவது இலட்சக் கணக்கில் கேட்டால், அவரிடம் புலமைப்பரிசில் இல்லையென்று அறிந்துகொள்ளுங்கள்.

இந்த வருடமே தொடங்கக்கூடியவை

பயணத்துக்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்னரே ஆயத்தம் தொடங்க வேண்டும். செலவில்லாமல், அல்லது சிறு செலவோடு செய்யக்கூடியவை சில:

1. பத்திரங்களைச் சேருங்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் பதிவாளரிடமும் பரீட்சைத் திணைக்களத்திடமும் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பெறலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கடைசி நேரத்தில் மாதக் கணக்கில் இழுபடும்.

2. மொழியைத் தொடங்குங்கள். ஆங்கிலமோ ஜேர்மனோ, உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்கள் அதற்கே உரியவை. போக முடியாமல் போனாலும் படித்த மொழி வீணாகாது.

3. நேரடியாக விண்ணப்பியுங்கள். ஜேர்மன் அரச பல்கலைக்கழகங்களுக்கு முகவர் தேவையில்லை. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களை ஒரு பொது நிலையத்தினூடாக ஏற்கின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே தவணையில் அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஒக்டோபரில் தொடங்கும் தவணைக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. வேறு நாடுகளில் முகவரிடம் போனால், அவருக்குக் கல்லூரி தரகு கொடுக்கிறதா என்று கேளுங்கள். தரகு வாங்குபவர் பிள்ளைக்குப் பொருத்தமான கல்லூரியையே காட்டுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

4. பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். பிறநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்ப வங்கிகளில் மாணவர் கோப்புத் திறக்கலாம். உண்டியல் மூலம் போகும் பணத்துக்கு எழுத்து இல்லை. அனுமதியைப் புதுப்பிக்கும் நாளில் எழுத்துத்தான் பேசும்.

5. ஒரு கொப்பி வைத்திருங்கள். இடப்பக்கம் கடைசி வருடம் வரையுள்ள எல்லாச் செலவும். வலப்பக்கம் அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து, எந்த மாதம் வருமென்பது. வலப்பக்கத்தில் "கடவுள் விட்ட வழி" என்று எழுத வேண்டிய வரி ஒன்று வந்தாலும், திட்டம் இன்னும் விளையவில்லை என்பதே பொருள்.

முற்றத்தில் முடிந்த கதை

அந்தக் குடும்பம் அன்று ஈடு வைக்கப் போகவில்லை. மகனுக்கு மனவருத்தம். இரண்டு கிழமை வீட்டில் எவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தாய் சொன்னார். அவருடைய வருத்தம் நியாயமானது. இருபது வயதுக்குள் இரண்டு முகாம்களைக் கண்ட பிள்ளைக்கு, பொறு என்று சொல்வது இலகுவான புத்திமதி அல்ல.

இப்போது அவர் திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியற் பாடநெறிக்குப் பதிந்திருக்கிறார். பகலில் ஒரு மின்னிணைப்பு வேலைத்தலத்தில் வேலை. இரவில் ஜேர்மன் படிக்கிறார். பட்டமும் அனுபவமும் கையில் வந்த பின் முதுமாணிக்கு விண்ணப்பிப்பது திட்டம். தங்கைதான் கொப்பியை வைத்திருக்கிறாள். மாதமுடிவில் யூரோவின் விலையைப் பார்த்து ஒரு கோடு கீறுகிறாள்.

சென்ற மாதம் தகப்பனைக் குளக்கட்டில் சந்தித்தோம். செய்தது சரியென்று நினைக்கிறாரா என்று கேட்டோம்.

"சரியோ பிழையோ எண்டு இன்னும் தெரியேல்லை பாதர். பெடியன் போயிருந்தால் தப்பியும் இருப்பான். ஆனால் இந்தப் போகமும் என்ர வயலுக்குள்ளதான் விதைச்சனான்" என்றார்.

அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எம்மிடம் எதுவுமில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கடல் கடந்து படிக்கக் கனவு கண்டால், அந்தக் கனவைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அதற்காகக் காணி உறுதியை எடுத்துக்கொண்டும் ஓடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரையும், சிறியவர்களையும் சேர்த்து, முற்றத்தில் இருத்துங்கள். ஒரு கொப்பியைத் திறவுங்கள். முதலில் எழுத வேண்டிய கேள்வியை அந்தச் சிறுமி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.